பாத பூஜைக்குச் செய்த கால்

போன வாரம் முத்துச்செல்வி கூப்பிட்டாள். தச்சநல்லூரில் நான் வேலை பார்த்த செயற்கைக் கால் மையத்தில், நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த பெண்.

"அக்கா, புது மிஷின் வந்துட்டு. காலைச் சுத்திக் காட்டுனா போதும், கம்ப்யூட்டரே அளவெடுத்துக்கிடுது. இனிமே மாவுக்கட்டு போட வேண்டாம், கையெல்லாம் வெடிச்சுப் போகவும் வேண்டாம்" என்றாள். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

எனக்கும் சந்தோஷம்தான். பிளாஸ்டர் கரைத்துக் கரைத்து என் விரல் இடுக்குகள் மழைக்காலத்தில் இன்னும் எரியும். அந்த எரிச்சலை நினைத்து ஏங்குகிற ஆள் நானில்லை. உடனே அந்த மிஷினைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டேன். வெளிச்சம் படாத இடத்தை எப்படி அளக்கும், வியர்வை இருந்தால் என்ன ஆகும், ஆள் அசைந்தால் திரும்ப முதலிலிருந்தா என்று. அவளுக்கே அலுத்துவிட்டது. "நீங்க நேர்லயே வந்து பாருங்கக்கா" என்றவள், கடைசியில் ஒன்று கேட்டாள். "இத்தன வருஷத்துல உங்களால மறக்க முடியாத ஆளு யாருக்கா? எழுதித் தாங்க. புதுசா வந்த பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுதேன்."

யாரைச் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனால் அவரைச் சொல்லும் முன் வேலைக்காலம் முழுவதும் என்னை அரித்த ஒரு கேள்வியைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு மனுஷன் தன் காலை எப்போது விடுகிறான்?

டாக்டர் வெட்டி எடுத்த நாளில் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். வெட்டின பிறகும் கால் அவரவரிடம்தான் இருக்கும். கட்டிலிலிருந்து இறங்கும்போது அதைத்தான் முதலில் ஊன்றுவார்கள், விழுவார்கள். இல்லாத பாதம் அரிக்கிறது என்று வெறும் போர்வையைச் சொறிவார்கள். சிலருக்கு இது வருஷக்கணக்கில் நடக்கும். பிறகு ஒருநாள் அதே ஆள் மையத்துக்குள் வரும்போது முகமே வேறாக இருக்கும். கால் போய்விட்டது, ஆள் மிச்சமிருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரியும். நடுவில் என்ன நடந்தது? எனக்கு வாய் சும்மா இருக்காது, எல்லோரிடமும் கேட்பேன். சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். பெரும்பாலானவர்கள் "தெரியலம்மா" என்றார்கள்.

நான் விக்கிரமசிங்கபுரத்துப் பெண். அப்பா நூல் ஆலைத் தொழிலாளி. பள்ளி முடித்ததும் யாரோ சொன்னார்கள் என்று சென்னைக்குப் போய் இந்தப் படிப்பைப் படித்தேன். படித்ததில் பாதி எலும்புகளின் பெயர்கள். வேலையைக் கற்றுக்கொண்டது தச்சநல்லூரில், பட்டறைப் பொறுப்பாளர் சுடலைமுத்து சாரிடம்.

சாருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பட்டறைக்குள் 'பாவம்' என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால், "வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். வருகிறவரின் காலை அவர் முதலில் பார்க்கவே மாட்டார். முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு வீட்ல என்ன குழம்பு?" என்று கேட்பார். உப்பு கூட, புளி குறைச்சல் என்று விவரம் சொல்கிற ஆளுக்கு அன்றைக்கே அளவெடுப்பார். "ஏதோ சாப்பிட்டேன்" என்கிறவரை இன்னும் சில நாள் சும்மா வந்துபோகச் சொல்வார். இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "எங்கயும் இல்ல. எனக்குக் குழம்பு பிடிக்கும், கேக்குதேன்" என்றார்.

வேலை என்னவென்றால், முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் காலுக்கு மெல்லிய உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களைப் பென்சிலால் குறிப்போம். மேலே ஈரப் பிளாஸ்டர் துணியைச் சுற்றி, இறுகும்வரை கட்டைவிரல்களால் முழங்கால் சில்லுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருப்போம். அந்தக் கூட்டுக்குள் பிளாஸ்டரை ஊற்றினால் அவர் காலே வெள்ளையாக வந்து நிற்கும். தாங்குகிற இடத்தில் அரத்தால் ராவி, தாங்காத இடத்தில் கொஞ்சம் பூசி ஏற்றி, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்திக் கிண்ணம் எடுப்போம். கிண்ணத்துக்குக் கீழே தண்டு, தண்டுக்குக் கீழே ரப்பர் பாதம்.

இதெல்லாம் முடிந்து கால் தயாரானதும் எல்லோரும் மாட்டிக்கொள்ளத்தான் துடிப்பார்கள். சார் முதலில் கழற்றத்தான் சொல்லிக்கொடுப்பார். மாட்டிவிட்டு, ஒரு அடிகூட வைக்கவிடாமல், "இப்பம் கழத்துங்க" என்பார். கழற்றி, பக்கத்தில் வைத்துவிட்டு, பெஞ்சில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். அதன் பிறகுதான் நடை. இன்னொரு விதி, வெறுங்காலோடு நடக்கிற மாதிரிதான் பாதத்தைப் பொருத்த வேண்டும். "நம்ம ஊர்ல மனுசன் வாசல்ல செருப்பைக் கழத்திட்டுத்தான உள்ள போவான்" என்பார்.

மலைமேல் எஸ்டேட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த அன்னத்தாய் என்று ஒரு அம்மா வந்தார். பாம்பு கடித்துக் கால் போனது. மாட்டினார், கழற்றினார், காலைக் குடையைச் சாத்துவது மாதிரி சுவரில் சாத்திவிட்டு, தூக்குவாளியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "போனது போச்சு தாயி. இருக்கதுக்குச் சோறு போடணும்லா" என்றார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சிதம்பரநாதன் ஐயா வந்தார்.

டவுணில் ரத வீதிக்குப் பக்கத்தில் வீடு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் இடது கால் பெருவிரலில் வந்த சின்னப் புண், மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. மகள் காந்திமதி காரில் அழைத்து வந்தாள். ஒரே மகள், வங்கியில் வேலை.

சார் வழக்கப்படி என்ன குழம்பு என்று கேட்டார்.

"குழம்புக்கும் காலுக்கும் என்னவே சம்பந்தம்? கால் எப்பம் தருவீரு, அதைச் சொல்லும்."

கால் தயாரான அன்று கழற்றச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கழத்துததுக்கா நான் இங்கன வந்தேன்? மாட்டிவிடும்" என்றார். கையிலிருந்த பையைத் திறந்து கறுப்பு ஷூ ஒரு ஜோடி எடுத்து வைத்தார். குதி உயர்ந்த, பளபளப்பான ஷூ. "இந்த ஷூவுக்குத் தக்கன பாதத்தை வையும். வேலையில சேந்த நாள்லேருந்து நமக்கு ஷூதான். டவுண்ல என் முகத்தைப் பாக்க வேண்டாம்வே, நடையப் பாத்தே ஆளைச் சொல்லிருவாக."

வெறுங்காலில் நடக்க முடியாமல் போகும் என்று சார் இரண்டு முறை சொன்னார். ஐயா கேட்கவில்லை. "சரி, அவரு காலு, அவரு ஷூ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஷூவுக்கே பொருத்தினார்.

பொய் சொல்லக்கூடாது, நடை அற்புதமாக வந்தது. தாழ்வாரத்தில் அவர் போய்த் திரும்பியபோது எது உண்மைக் கால் என்று எனக்கே தடுமாறியது. கண்ணாடி முன் நின்று ஷூக்களைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலை மாட்டும்போதும் கழற்றும்போதும் மடியில் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார், கண் சுவரில் இருக்கும். கை மட்டும் கீழே வேலை செய்யும். தன்னுடைய மிச்சக் காலை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஊரில் பாதத்தில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். உண்மை தெரிந்தது மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான். காந்திமதி வெளியே வைத்து என்னிடம் சொன்னாள்: "எங்கிட்டயும் காட்ட மாட்டுக்காங்கக்கா. கதவைச் சாத்திட்டுத்தான் மாட்டுதாங்க. தூங்கும்போதுகூடக் கழத்துதாங்களா என்னன்னு தெரியல."

சில மாதங்கள் கழித்து அவரே தனியாக வந்தார். "கால் சத்தம் போடுது. எண்ணெய் விட்டுக் கொடுங்க" என்றார்.

சத்தத்தைவிட வாடைதான் எனக்கு முதலில் தெரிந்தது. சார் முகம் மாறவில்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, என்னை மட்டும் இருக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து மெதுவாகக் கிண்ணத்தை உருவினார். உறை மேல் உறையாக மூன்று நான்கு போட்டிருந்தார். கடைசி உறை தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தபோது எலும்பு நுனியில் சீழ் வைத்த புண். சர்க்கரை நோயாளி என்பதால் வலி சரியாகத் தெரியவில்லை.

"ஷூ போட்டு நடந்தா இங்கன புண்ணு வராதே ஐயா. எங்கன நடந்தீக?" என்று கேட்டார் சார்.

ஐயா துண்டை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கு. பத்திரிகை வைக்கப் போனேன். வீட்டுக்குள்ள ஷூவோடயா போவாக?"

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் நெருங்கிய சொந்தத்துக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினால் அதற்கே ஒரு சண்டை வரும். புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைக்க வேண்டும். டவுண், பாளையங்கோட்டை, விக்கிரமசிங்கபுரம் என்று வீடு வீடாகப் போயிருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் ஷூவைக் கழற்றி, சாக்ஸோடு உள்ளே நடந்திருக்கிறார். குதி உயரத்துக்குப் பொருத்திய பாதம், ஷூ இல்லாதபோது முழங்காலைப் பின்னால் தள்ளும். எலும்பு நுனி போய்க் கிண்ணத்தின் முன்பக்கம் இடிக்கும். வீட்டுக்கு வீடு இடித்திருக்கிறது. ஆட்டம் தெரியாமலிருக்க உறையைக் கூட்டிக் கூட்டிப் போட்டு இறுக்கியிருக்கிறார்.

டாக்டர் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். புண் ஆறும்வரை அந்தக் காலைத் தொடக்கூடாது. தொட்டால் முழங்காலையும் எடுக்க வேண்டி வரும். புண் ஆறுவதற்குள் கல்யாணம் வந்துவிடும்.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. "ஏம்மா, முழங்கால் போனா நடை எப்பிடி வரும்?" என்று என்னிடம் கேட்டார்.

"இப்பிடி வராது ஐயா."

"கல்யாணத்தன்னைக்கு ஒருநாள் மட்டும்?"

"ஒரு நாளும் கூடாது" என்றார் சார், உள்ளேயிருந்தபடியே.

"சக்கர நாற்காலில உக்காந்துக்கிடுதேன். சுளுக்குன்னு சொல்லிக்கிடலாம். பாத பூஜைக்கு என்னவே செய்ய?" என்றார் ஐயா. "தாம்பாளத்துல ரெண்டு காலையும் வைக்கணும். எம்மக தண்ணி ஊத்தி, பால் ஊத்தி, மஞ்சள் குங்குமம் வைக்கணும். மாப்பிள்ளை வீடு தென்காசி, அவ்வளவு பேரும் பாத்துக்கிட்டு இருப்பாக. ஒத்தைக் காலை நீட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுதீரா?" குரல் உடைந்துவிட்டது. பட்டறையில் தடை செய்த அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றையும் அவர் சொன்னார். எடுத்த பாதம் இன்னும் இருக்கிறது. விரல்கள் அஞ்சையும் யாரோ மடக்கி இறுக்கிப் பிடித்திருப்பது போல இருக்கிறது. ராத்திரி பகல் எப்போதும். நீட்ட முடியவில்லை.

"உக்கார மட்டும் ஒரு கால் செஞ்சு குடும். நடக்க வேண்டாம். தாம்பாளத்துல கிடந்தாப் போதும்" என்றார்.

சார் மறுக்கவில்லை. புண்ணில் படாமல், தொடையில் கட்டித் தொங்கவிடுகிற மாதிரி லேசான கால். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் அதில் என் உயிரைக் கொட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய வலது காலைப் பார்த்துப் பார்த்து இடதாகத் திருப்பிச் செய்தேன். நகத்தின் மஞ்சள், புறங்காலில் ஓடும் நரம்பு, சுண்டுவிரலில் ஷூ கடித்த காய்ப்பு, எல்லாம். அதைப்போல ஒன்றை நான் முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. கட்டுவதற்கு இரண்டு வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வைக்கலாம் என்றேன். சார் ஒன்று போதும் என்றார். "கழத்த லேசா இருக்கட்டும்."

கல்யாணத்தன்று விடியற்காலையில் நானும் சாரும் டவுண் மண்டபத்துக்குப் போனோம். கால் என் துணிப்பையில் இருந்தது. தனி அறையில் ஐயா பட்டு வேட்டியோடு நாற்காலியில் காத்திருந்தார். கட்டிவிட்டேன். வேட்டியை இறக்கிவிட்டு இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தேன். அவர் முதல் தடவையாக இடது பக்கம் குனிந்து பார்த்தார்.

"எங்காலு மாதிரியேல்லா இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு காந்திமதி வந்தாள். கூறைப்புடவை, தலை நிறையப் பூ. அப்பாவின் காலில் விழுந்து கும்பிட வந்தவள், குனிந்தவுடன் அப்படியே நின்றாள். இடது பாதத்தின் விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இது சில்லுன்னு இருக்குப்பா."

அவள் குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டாள்: "நான் தண்ணி ஊத்துனா இதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுட்டி" என்றார் ஐயா.

"அப்பம் இதுக்கு எதுக்குப்பா ஊத்தணும்? நான் உங்களுக்குல்லா பூசை செய்ய வந்தேன்."

வெளியே யாரோ பெண்ணைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றட்டுமா என்று நான் கேட்க வாயெடுத்தேன். சார் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனோம்.

தாம்பாளம் வைத்தார்கள். ஐயாவுக்குப் பக்கத்தில் அவர் மனைவியும் உட்கார்ந்தார். எதிரே மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். ஐயர் சொல்ல, காந்திமதி சொம்பைத் தூக்கினாள்.

"பொறுட்டி, ஒரு நிமிசம்" என்றார் ஐயா.

குனிந்து வேட்டிக்குள் கையை விட்டு ஒரே இழுப்பு. ஒட்டுப் பட்டை சர்ரென்று பிரிந்த சத்தம் மேளத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. காலை உருவி எடுத்து, பையைக் கொடுப்பது போல என்னிடம் நீட்டினார். "பிடிம்மா."

வேட்டியை ஒதுக்கினார். கட்டுப் போட்ட மிச்சக் கால் எல்லோருக்கும் தெரிய நீண்டு நின்றது. துண்டு இல்லை. அவர் அதைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை.

மேளக்காரர்கள்கூட ஒரு நொடி தயங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் பின்னால் கிடந்த ஒரு தலையணையை எடுத்து வந்து, காலி நாற்காலி ஒன்றின்மேல் போட்டு, ஐயாவின் அந்தக் காலுக்கு அடியில் நகர்த்தினார்.

"இங்கன வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. தொங்கப்போட்டா வீங்கும். எங்க அண்ணனுக்கும் சுகர்தான், நான்தான் கூட இருந்து பாத்தேன்." அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். ஐயா இத்தனை நாள் ஒளித்து வைத்தது அந்தத் தலையணையோடு முடிந்துபோனது.

காந்திமதி தாம்பாளத்திலிருந்த ஒற்றைப் பாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று நடந்தது. என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கல்யாண வீடியோவில் இன்றைக்கும் நான் இருக்கிறேன், மேடை ஓரத்தில், பட்டுச்சேலை கட்டி, கையில் ஒரு ஆண் காலைப் பிடித்துக்கொண்டு. உள்ளதைச் சொன்னால், அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சுருக்கென்று ஒரு வருத்தம் இருந்தது. நான் செய்ததிலேயே நல்ல வேலை, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பைக்குள் திரும்பிவிட்டது. பஸ்ஸில் வரும்போது சாரிடம் சொன்னேன். "பிரேமா, நீயும் கழத்திப் பழகு" என்று சிரித்தார். அந்தக் கால் இப்போதும் பட்டறை அலமாரியில் இருக்கிறது. முத்துச்செல்வியும் பிள்ளைகளும் நிறம் கலக்கப் பழகுவது அதைப் பார்த்துத்தான்.

புண் ஆறியதும் ஐயா ஊன்றுகோலோடு வந்தார். காலில் ஒரு சாதாரண ரப்பர் செருப்பு. என்ன குழம்பு என்று சார் கேட்டு முடிக்குமுன், மறுவீட்டு விருந்தில் வைத்த சொதிக் குழம்பைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். தேங்காய்ப்பால் கெட்டியாக இல்லை, இஞ்சித் துவையலில் உறைப்பு போதாது என்று நெடுநேரம் குறை சொன்னார். சார் அன்றைக்கே அளவெடுத்தார்.

புதுக் கால் வந்தது, வெறுங்காலுக்குப் பொருத்தியது. யாரும் சொல்லாமலே மாட்டிக் கழற்றி, சுவரில் சாத்திவிட்டு, பெஞ்சில் நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடித்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கேள்வியை அவரிடம் கேட்காமல் விடுவேனா?

"ஐயா, அன்னைக்குக் கண்ணை மூடுனீங்களே, என்ன ஆச்சு?"

டம்ளரைக் கீழே வைத்தார். "எம்மக ஒத்தைக் கால்லதான தண்ணி ஊத்துனா? ரெண்டு காலும் நனைஞ்சுதும்மா. சில்லுன்னு. மடங்கிக் கிடந்த விரல் அஞ்சும் பைய விரிஞ்சுது. அப்புறம் போயிட்டு."

"எது ஐயா போயிட்டு?"

"கால்தான்" என்றார். "அன்னைக்குத்தான் போச்சு."